ஆட்டம் முடிந்த பின்னும் அம்பயர்

2021 நவம்பர் 19. ஆஷஸ் தொடர் தொடங்க மூன்று வாரம்கூட இல்லை. ஹோபார்ட் நகரில் நிருபர்கள் முன் வந்து நின்ற டிம் பெய்ன், கையிலிருந்த தாளைப் பார்த்துப் படித்தார். நடுவில் குரல் உடைந்தது. ஆஸ்திரேலிய டெஸ்ட் அணியின் கேப்டன் பதவியை விட்டு விலகுகிறேன் என்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணுக்கு அவர் அனுப்பிய ஆபாசமான குறுஞ்செய்திகள்தான் காரணம்.

கிரிக்கெட் ஆஸ்திரேலியாவுக்கு இது புதுச் செய்தியே இல்லை. 2018-லேயே புகார் வந்து, விசாரணையும் நடந்து, நடத்தை விதி எதையும் பெய்ன் மீறவில்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். அந்த ஆண்டு மார்ச்சில்தான் பந்தைச் சுரண்டிய விவகாரத்தில் ஸ்டீவ் ஸ்மித்தின் பதவி போய், கெட்டுப்போன பெயரை மீட்கத் தகுந்த ஆள் என்று பெய்னைக் கேப்டனாக்கியிருந்தார்கள். விஷயம் பத்திரிகையில் வரப்போகிறது என்று தெரிந்ததும் அவரே விலகினார். மறுநாள் வாரியத் தலைவர் ரிச்சர்ட் ஃப்ராய்டன்ஸ்டைன், இன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் 2018-இல் அப்படி முடிவு எடுத்திருக்க மாட்டோம் என்று கைகழுவினார்.

மூன்று ஆண்டுகளில் என்ன மாறியது? அனுப்பிய செய்திகள் அதேதான். அதைப் பற்றித் தெரிந்தவர்களின் எண்ணிக்கை மட்டும் கூடியிருந்தது.

பெய்னின் செயலை வெறும் அந்தரங்கம் என்று ஒதுக்கவும் முடியாது. அந்தப் பெண் அப்போது டாஸ்மேனியா கிரிக்கெட் சங்கத்தில் வேலை பார்த்தவர். ஆகவே, அதில் பணியிடக் கேள்வி ஒன்று இருக்கத்தான் செய்தது. அது தவறு என்றால் 2018-லேயே தண்டித்திருக்க வேண்டும். தவறில்லை என்றால் 2021-இல் அவர் பக்கம் நின்றிருக்க வேண்டும். வாரியம் இரண்டையும் செய்யவில்லை.

ஆஸ்திரேலியாவில் இது முதல் தடவையும் அல்ல. 2000-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் போனில் ஆபாசமாகப் பேசினார் என்ற செய்தி பரவியதும் ஷேன் வார்னின் துணை கேப்டன் பதவி பறிபோய் ஆடம் கில்கிறிஸ்ட்டிடம் சேர்ந்தது. டெஸ்டில் 708 விக்கெட் எடுத்த அந்த மனிதர், கடைசிவரை ஒரு டெஸ்டில்கூட ஆஸ்திரேலியாவுக்குத் தலைமை ஏற்கவில்லை.

சட்டத்தை மீறாத ஒருவரை விளையாட்டு அமைப்பு எந்த உரிமையில் தண்டிக்கிறது? ஒப்பந்தம் என்ற காகிதம் தரும் உரிமையில்தான். அந்தக் காகிதம் பழையது. 1922-இல் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி தன் நட்சத்திரம் பேப் ரூத்திடம் கையெழுத்து வாங்கியபோது, மதுவைத் தொடக் கூடாது, பருவ காலத்தில் அனுமதியின்றி இரவு ஒரு மணிக்கு மேல் விழித்திருக்கக் கூடாது என்று எழுதி வாங்கியது. இன்றைய அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்லவில்லை என்பது மட்டும் போதாது, வீரர் அதைவிட உயர்ந்த தரத்தில் நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் நடத்தைக் கொள்கை.

பார்வையாளரும் ஸ்பான்சரும் முகம் சுளித்தால் வருமானம் போகும் என்பது லீகுகளின் வாதம். ஆனால் அந்த வேலையைச் சந்தை தானாகவே செய்துகொள்கிறது. 2009-இல் டைகர் வுட்ஸின் திருமணத்துக்கு வெளியேயான உறவுகள் அம்பலமானபோது கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் அவருக்குத் தடை எதையும் அறிவிக்கவில்லை. அக்சென்சரும் ஏடி அண்ட் டியும் தாமாக விலகின. நைக்கி கூடவே நின்றது. அவரவர் பணம், அவரவர் முடிவு. கோல்ஃப் ஒன்றும் மூழ்கிவிடவில்லை.

அதற்காக, சட்டப்படியான எதையும் லீக் தொடவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. அட்லாண்டா ஃபால்கன்ஸ் வீரர் கால்வின் ரிட்லி 2021 நவம்பரில், மனநலத்துக்காக அணியை விட்டு விலகியிருந்த நேரத்தில், போன் செயலி வழியாக என்எஃப்எல் ஆட்டங்கள் மீது பந்தயம் கட்டினார். மொத்தமே 1,500 டாலர்தான் என்றார். ஊரில் மற்றவர்கள் கட்டினால் பொழுதுபோக்கு. அவரோ தன் சொந்த அணியின் ஆட்டத்திலும் கட்டியிருந்தார். 2022 பருவம் முழுவதும் தடை, சுமார் 1.1 கோடி டாலர் சம்பளம் போயிற்று. தண்டனை கடுமைதான், ஆனால் நியாயம் புரிகிறது. ஆடுபவரே பந்தயம் கட்டினால், பார்ப்பவருக்கு ஆட்டத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

ஷா'காரி ரிச்சர்ட்சனின் கதையில் அப்படி ஒரு நியாயத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. 2021 ஜூனில் ஒரிகன் மாநிலத்தில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தேர்வில் 100 மீட்டரை 10.86 விநாடியில் ஓடி முதலிடம் பிடித்தார். பிறகு சோதனையில் கஞ்சா தெரிந்தது. தன்னைப் பெற்ற தாய் இறந்த செய்தியை அந்த நாட்களில்தான் கேட்டதாக அவர் சொன்னார். ஒரிகனில் பெரியவர்கள் கஞ்சா பயன்படுத்துவது 2015 முதல் சட்டப்படி சரி. சர்வதேச ஊக்கமருந்துத் தடுப்பு விதிக்கு அது ஒரு பொருட்டில்லை. செயல்திறனைக் கூட்டுவது, உடல்நலக் கேடு, விளையாட்டின் மாண்புக்கு ஒவ்வாதது ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினாலே ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்கலாம். கஞ்சா புகைத்து யாரும் வேகமாக ஓடியதாகக் கேள்வியில்லை, ஆனால் மற்ற இரண்டைக் காட்டியே கதவைச் சாத்திவிடலாம். ஒரு மாதத் தடைதான் கிடைத்தது. அந்த ஒரு மாதத்தில் டோக்கியோ ஒலிம்பிக் கைநழுவியது. விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது, தண்டனையை அவரும் ஏற்றுக்கொண்டார். பெய்ன் விவகாரத்தைவிட இது நேர்மையானது என்பது மட்டுமே ஆறுதல்.

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏ 2023-இல் தடைப் பட்டியலிலிருந்து கஞ்சாவையே எடுத்துவிட்டது.

இந்தியாவில் விசாரணையும் தீர்ப்பும் சில நேரம் வேடிக்கையாகிவிடுகின்றன. 2019 ஜனவரியில் 'காபி வித் கரண்' நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றி ஹர்திக் பாண்ட்யா பேசிய பேச்சு பலரையும் கொதிக்க வைத்தது. அருகில் இருந்த கே.எல். ராகுலும் சேர்ந்து மாட்டிக்கொண்டார். தொலைக்காட்சியில் பேசியதை அந்தரங்கம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் சட்டக் குற்றமும் அல்ல. ஆஸ்திரேலியப் பயணத்தின் நடுவில் இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு இந்திய கிரிக்கெட் வாரியத்தின் குறைதீர்ப்பாளர் டி.கே. ஜெயின் ஆளுக்கு 20 லட்ச ரூபாய் அபராதம் விதித்தார். அதில் பாதி, பணியில் உயிர்நீத்த துணை ராணுவக் காவலர் குடும்பங்களுக்கு. மீதி, பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கு. நல்ல காரியங்கள்தான். பெண்களை இழிவாகப் பேசியதற்கான அபராதத்தில் பெண்கள் கிரிக்கெட்டுக்கு ஒரு பைசாகூட ஏன் போகவில்லை என்பதுதான் விளங்கவில்லை.

2025 ஜனவரியில், ஆஸ்திரேலியாவில் தொடரை இழந்த கையோடு, கட்டுப்பாடு வீட்டு வாசல்வரை வந்தது. 45 நாளுக்கு மேற்பட்ட பயணம் என்றால் மனைவி, குழந்தைகள் இரண்டு வாரம்வரை மட்டுமே உடன் தங்கலாம். பெட்டியின் எடைக்கும் வரம்பு வந்தது. மீறினால் ஐபிஎல்லில் ஆடவே தடை வரலாம் என்ற எச்சரிக்கையும் கூடவே.

என்பிஏவின் கஞ்சா விதி மாறியது லீகும் வீரர் சங்கமும் மேசையில் உட்கார்ந்து பேசியதால். இந்தியாவில் 2019-இல் தொடங்கிய கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். ஆடிக்கொண்டிருப்பவர்களுக்காகப் பேரம் பேச யாரும் இல்லை. அதனால் புது விதி பற்றி வீரர் தரப்பிலிருந்து வெளியே கேட்ட பெரிய குரல், அந்த மார்ச்சில் ஒரு ஐபிஎல் அணி நிகழ்ச்சியில் விராட் கோலி சொன்னதுதான். ஆட்டம் முடிந்து தனி அறையில் உம்மென்று உட்கார்ந்திருக்கத் தனக்கு விருப்பமில்லை என்றார் அவர். சில நாளில் வாரியச் செயலாளர் தேவஜித் சைகியா பதில் சொன்னார்: கொள்கை அப்படியே தொடரும்.