சுரக்கும் செல்லுக்குத் தலைக்கணக்கு

காசநோய்க் கிருமி ஒருவர் உடம்பில் எப்போதாவது தொற்றியிருக்கிறதா என்று அறிய, கிருமியைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதை முன்பே சந்தித்த டி செல்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கிருமியின் புரதத்தை மறுபடி காட்டினால் அவை இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சுரக்கும். ஆனால் அத்தகைய செல்கள் லட்சத்துக்கு ஒன்றிரண்டே தேறலாம்.

எலைசா சோதனை 1971 முதல் நம்மிடம் இருக்கிறது. திரவத்தில் எவ்வளவு புரதம் சேர்ந்தது என்று அது சொல்லிவிடும். பத்து செல்கள் அள்ளிக் கொட்டினவா, ஆயிரம் செல்கள் துளித்துளியாகக் கசிந்தனவா என்று மட்டும் சொல்லாது. இந்தத் தலைக்கணக்குக்காக வந்ததுதான் எலிஸ்பாட். 1983இல் ஸ்வீடனில் செர்கின்ஸ்கியின் குழுவும், ஆஸ்திரேலியாவில் செட்ஜ்விக், ஹோல்ட் இருவரும் தனித்தனியே இதை உருவாக்கினார்கள். முதலில் எண்ணியது ஆன்டிபாடி சுரக்கும் செல்களை. டி செல்களின் முறை 1988இல் வந்தது.

96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் வெள்ளைச் சவ்வு. அதன்மேல் இன்டர்ஃபெரானைப் பிடிக்கும் ஆன்டிபாடி. செல்களையும் கிருமிப் புரதத்தையும் ஊற்றி, 37 டிகிரி இன்குபேட்டரில் ஓர் இரவு விடுகிறார்கள். செல் சுரப்பது எங்கும் பரவுவதற்குள் அதன் காலடியிலேயே சிக்கிவிடுகிறது. அன்றிரவு தட்டை யாரும் அசைக்கக்கூடாது. செல் நகர்ந்தால் தடம் இழுபட்டு வால் முளைத்துவிடும். காலையில் செல்களைக் கழுவிவிட்டு, நொதி கோத்த இரண்டாம் ஆன்டிபாடியும் சாயப்பொருளும் சேர்க்கிறார்கள். எலைசாவில் நிறம் நீரில் கரையும்; இங்கே கரையாமல் அங்கேயே படியும். என்னைக் கேட்டால், முழு வித்தையும் இந்தக் கரையாமையில்தான். நடுவில் அடர்ந்து, ஓரத்தில் மங்கும் நீலப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு செல் இருந்த இடம்.

ஆக்ஸ்ஃபோர்டில் அஜித் லால்வானி குழுவின் ஆய்விலிருந்து பிறந்த டி-ஸ்பாட் காசநோய்ச் சோதனை, குழிக்கு இரண்டரை லட்சம் செல்களை இடுகிறது. அதில் காட்டப்படும் ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்கள் பி.சி.ஜி. தடுப்பூசியில் கிடையாது. அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை ஏமாறுவதுபோல, சிறுவயதில் போட்ட தடுப்பூசியைக் கண்டு இது ஏமாறாது. அமெரிக்க அளவுகோலில், கிருமிப் புரதம் இடாத குழியைவிட 8 புள்ளிகளாவது கூடுதலாக இருந்தால் பாசிட்டிவ். 5 முதல் 7 என்றால் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும்.

வசதிக் குறைவும் உண்டு. செல்கள் உயிரோடு இருந்தால்தான் சுரக்கும். எடுத்த ரத்தத்தை ஆற அமர அனுப்ப முடியாது. தவிர, கிருமி உறங்குகிறதா, நோயாகிவிட்டதா என்பதைப் புள்ளிகள் பிரித்துச் சொல்வதில்லை. அதற்கு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும்தான்.