கறுப்புப் பிடரி முயலும் கருவண்டும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடலிப் பற்றைகளில் திரியும் முயலும், காய்ந்த மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டும் தனித்து வாழ்பவை. இலங்கைக்குரிய காட்டு முயல் ஓர் இனமே: லீப்பஸ் நிக்ரிகோலிஸ் எனப்படும் கறுப்புப் பிடரி முயல். கருவண்டோ வண்டல்ல, தச்சுத் தேனீ. இலங்கையின் தச்சுத் தேனீக்களுள் உருவில் பெரியது, சிறகில் நீலம் மின்னும் சைலோகோபா டெனுயிஸ்காபா.

குடாநாட்டின் மெல்லிய மேல்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். முயலுக்கு அது இடைஞ்சல் இல்லை. வளை தோண்டும் வழக்கமே அதற்குக் கிடையாது. பகலில் புல் அழுந்திய சிறு பள்ளத்தில், காதுகளை முதுகோடு படியவைத்துக் கிடக்கும். ஆபத்து மிக நெருங்கிய பிறகே பாய்ந்தோடும். வீடில்லாத குறையைக் குட்டிகளின் பிறப்பு ஈடுசெய்கிறது. அவை உடல் நிறைய மயிரோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. தாய் கூடவே இருப்பதில்லை. பாலூட்ட மட்டும் வந்துபோகும்.

தேனீயின் வழி நேர்மாறானது. காய்ந்த கதியாலிலோ கூரை மரத்திலோ பெண் தேனீ தாடைகளால் விரல் நுழையும் அளவுக்கு வட்டத் துளையிடும். சற்று உள்ளே போனதும் துளை மரத்தின் நார்ப்போக்கில் திரும்பும். மரத்தை அது உண்பதில்லை. தூள் கீழே குவியும். மகரந்தத்தையும் தேனையும் பிசைந்து உருண்டையாக்கி, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்புக் கட்டி அடைக்கும். பிறகு அதே வரிசையில் அடுத்த அறை. குஞ்சுப்புழு வெளியுலகைக் காணாமலே அந்த உருண்டையை உண்டு வளரும். வளர்ந்த பிள்ளைகள் சில காலம் கூட்டிலேயே தங்குவதும் உண்டு. ஆகவே இதன் தனிமை முயலின் தனிமையைப் போல் முழுமையானதல்ல.

தோட்டக்காரருக்கு முயல் இளம்பயிரை மேய்ந்துவிடும் விலங்கு. தேனீயால் கூரை மரம் பழுதாகும், ஆனால் கத்தரிக்கு அது உதவி. கத்தரிப்பூவின் மகரந்தம் குழல் போன்ற பையின் நுனித் துளை வழியே மட்டும் வெளிவரும். தச்சுத் தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, பறப்புத் தசைகளை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். தேன்கூடு கட்டும் தேனீக்களுக்கு இந்த வித்தை வராது.

முயலுக்கு வெட்டாத பற்றை வேண்டும். தேனீக்குப் பட்ட மரம் வேண்டும். பற்றை வெளியாக்கப்பட்டு, கதியால் வேலி மதிலாக மாறும் இடங்களில் இரண்டுக்கும் இருப்பிடம் குறைகிறது.