டப்பாவை மாற்றும் முன்

பட்டு நெசவு வீட்டில் தூளியும் தறியும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். பெரணமல்லூர், ஆரணிப் பக்கம் போனால் பார்க்கலாம். பிள்ளை சிணுங்கினால் அம்மா நாடாவை வைத்துவிட்டுத் தறிக்குழியிலிருந்து எழுந்து வருவாள். சேலை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டால் ஆயாதான் பவுடர் டப்பாவைத் திறப்பார். இரண்டு வாரம் போனால், "இந்தப் பால் புள்ளைக்கு ஒத்துக்கலை, வேற டப்பா வாங்கிப் பாரு" என்ற பேச்சு வரும். அதற்கப்புறம் மூன்றாவது டப்பா, நான்காவது டப்பா.

வேறு டப்பா வாங்க மெடிக்கல் ஷாப்புக்குக் கிளம்பும் முன், அடுப்பங்கரையில் பால் எப்படிக் கலக்கப்படுகிறது என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். பல வீடுகளில் கோளாறு பவுடரில் இருப்பதில்லை, கலக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

"பால் பத்தலை"

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது எல்லோரும் கேட்ட பாடம். ஆனால் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதத்தினருக்குத்தான் தாய்ப்பால் மட்டும் கிடைக்கிறது. அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் ஆபரேஷன். தையல் வலியோடு படுத்திருக்கும் தாய்க்கு முதல் இரண்டு மூன்று நாள் பால் மெதுவாகத்தான் ஊறும். அந்த நேரத்தில்தான் "பத்தலை" என்ற சொல் விழுகிறது.

சம்பள வேலையில் இருக்கும் பெண்ணுக்கு 2017-லிருந்து சட்டப்படி 26 வார விடுப்பு உண்டு. வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவளுக்கு அது இல்லை. அவளுக்குக் கிடைப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் உதவிதான், ஆனால் அது தறிக்கூலிக்கு ஈடாகாது. அதனால் பவுடர் பால் கொடுக்கும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். கொடுக்க வேண்டி வந்தால் சரியாகக் கொடுக்க அவளுக்குக் கற்றுத்தர வேண்டும்.

நான்கு நாளில் தீரும் டப்பா

ஒரு சின்னக் கணக்கு. பவுடர் பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி பால் தேவை. ஐந்து கிலோ குழந்தைக்கு 750 மில்லி. அதற்கு ஏறக்குறைய 100 கிராம் பவுடர் செலவாகும். 400 கிராம் டப்பா நான்கு நாளில் காலி. மாதத்துக்கு ஏழெட்டு டப்பா. கடையில் ஒரு டப்பாவின் விலையைக் கேட்டு எட்டால் பெருக்கிப் பாருங்கள். கூலிப் பணத்தில் அது எவ்வளவு பெரிய பங்கு என்று தெரியும்.

இங்கேதான் ஆபத்து. டப்பாவை ஒரு வாரத்துக்கு இழுக்க, மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போடுகிறோம். குழந்தை வயிறு நிறையக் குடிக்கும், எடை ஏறாது. தண்ணீர் மிகுந்தால் ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கி வலிப்புகூட வரலாம். "கெட்டியா குடிச்சா நல்லா தூங்கும்" என்று ஒரு கரண்டி கூட்டுவதும் தவறு. மலச்சிக்கல் வரும், உடம்பு வறளும், சிறுநீரகத்துக்குச் சுமை கூடும். அப்போதும் பழி டப்பாவின் மேல்தான் விழும்.

கரண்டியைக் குவித்து எடுக்காதீர்கள், அழுத்தி அடைக்காதீர்கள். கத்தியின் பின்பக்கத்தால் வழித்துச் சமப்படுத்துங்கள். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு பவுடரைப் போடுங்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் கரண்டி அளவு வேறு. பழைய டப்பாவின் கரண்டி கைக்குப் பழகியது என்று புதிய டப்பாவில் போட்டால் அளவே மாறிவிடும். டப்பா மாற்றும் வீடுகளில் நடக்கும் தவறுகளில் இதை நான் முதலில் சொல்வேன்.

எழுபது டிகிரி

பவுடர் பால் கிருமி நீக்கப்பட்ட பொருள் அல்ல. க்ரோனோபேக்டர் போன்ற கிருமி உள்ளே இருக்கக்கூடும். அரிதுதான், ஆனால் பச்சிளம் குழந்தைக்கு உயிராபத்து. கொதித்த தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் முன்பே பவுடரைக் கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதித்து அரை மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல டப்பாக்களில் வெதுவெதுப்பான நீர் என்றுதான் போட்டிருக்கும்; குறைமாதக் குழந்தைக்கும் இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கும் சூடான முறையே பாதுகாப்பு. கலக்கியபின் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கேன் தண்ணீரையும் கொதிக்கவைத்தே ஆகவேண்டும். கலக்கிய பால் இரண்டு மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள். குழந்தை குடித்து வைத்த மிச்சத்தை அப்போதே கொட்டுங்கள். மனசு வராது, தெரியும்.

பாட்டிலைவிடப் பாலாடை நல்லது. ரப்பர் காம்பு இல்லை, இடுக்கு இல்லை, தேய்த்துக் கழுவிக் கொதிநீரில் போட்டால் போதும். உலகின் பச்சிளங்குழந்தை மருத்துவ ஆய்வுகளில் 'பாலாடை' என்ற நம் சொல்லையே அப்படியே எழுதுகிறார்கள். குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, உதட்டோரம் நுனியை வைத்து, அது விழுங்க விழுங்கச் சாய்க்க வேண்டும். படுக்கவைத்து வாயில் ஊற்றினால் புரையேறும்.

எப்போது மாற்றலாம்?

வாயு, ஏப்பம், கொஞ்சம் கக்குவது, மலம் பச்சையாகவோ கெட்டியாகவோ போவது எல்லாம் புதுப் பால் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரத்தில் சகஜம். குழந்தை எடை ஏறி, ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் பொறுத்துப் பாருங்கள். ஒரே வகைப் பாலில் பிராண்டு மாற்றுவதால் பெரிய மாற்றம் எதுவும் நடந்துவிடாது. அப்படி மாற்றினாலும் இரண்டு பவுடரை ஒன்றாகக் கலக்காதீர்கள்.

மலத்தில் ரத்தம், உடம்பெல்லாம் அரிக்கும் தடிப்பு, ஓயாத வாந்தி, எடை ஏறாமை என்றால் பசும்பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்குப் புரதத்தை நுணுக்கமாக உடைத்த தனிவகைப் பால் உண்டு. மருத்துவர் சொல்லித்தான் வாங்க வேண்டும். லாக்டோஸ் இல்லாத பால் இதற்கு உதவாது, ஏனென்றால் கோளாறு சர்க்கரையில் இல்லை, புரதத்தில். ஆட்டுப்பாலும் உதவாது, அதன் புரதமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். சோயா பவுடரை ஆறு மாதத்துக்கு முன் நாமாகத் தொடங்கக்கூடாது. தெருவில் ஓட்டிவந்து பச்சையாகக் கறந்து தரும் கழுதைப்பாலை ஒரு சங்குகூடக் கொடுக்காதீர்கள்.

ஆறு மாதம் ஆனதும் இரண்டாம் நம்பர் டப்பா கட்டாயம் என்று நினைக்க வேண்டாம். அது தேவையில்லை என்று 1986-லேயே உலக சுகாதார மாநாடு சொல்லிவிட்டது. ஒன்றாம் நம்பரையே ஒரு வயது வரை தொடரலாம், கூடவே குழைந்த சோறும் பருப்பும். பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுப்பது ஒரு வயதுக்குப் பிறகுதான். இரும்புச்சத்து அதில் மிகக் குறைவு.

டப்பாவில் ஏன் குழந்தை படம் இல்லை?

பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பிஸ்கட் பாக்கெட்டில்கூடக் குழந்தை சிரிக்கும், இதில் சிரிக்காது. 1992-ல் வந்து 2003-ல் இறுக்கப்பட்ட இந்தியச் சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரம் கூடாது, மருத்துவமனை ஊழியருக்குக் கம்பெனி பரிசு கூடாது. இதற்கு முன்னோடி 1981-ல் உலக சுகாதார மாநாடு 118 வாக்குகளோடு ஏற்ற நெறிமுறை. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. ஏழை நாடுகளில் அழுக்குத் தண்ணீரில், பாதி அளவில் கரைத்த பால் குழந்தைகளைக் கொன்றதைப் பார்த்த பிறகே அந்த நெறிமுறை பிறந்தது.

தறிக்குப் போகும் முன்

பவுடர் தொடங்கியதால் மார்பு வற்றிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பவுடர் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் பாலைப் பீச்சி எடுத்தால் சுரப்பு நிற்காது. நின்றதைக்கூட, குழந்தையை அடிக்கடி மார்பில் சப்பவிட்டு மீட்கலாம். தறியில் உட்காரும் முன் பீச்சிய பாலைச் சுத்தமான மூடிபோட்ட கிண்ணத்தில் வைத்தால் வீட்டுச் சூட்டில் நான்கு மணி நேரம் தாங்கும். கோடை வெயிலில் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். எப்படிப் பீச்சுவது என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள், உட்காரவைத்துக் காட்டுவார்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல், பச்சை நிற வாந்தி, உச்சிக்குழி உள்வாங்குவது, பால் குடிக்க எழுப்பியும் எழாமல் துவண்டு கிடப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் டப்பாவைப் பற்றி யோசிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.