பரிணாம உயிரியல் ஆராய்ச்சிக்கு என்ன பின்னணி வேண்டும்?

கடலூர் மாவட்டம் குள்ளஞ்சாவடியில் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்த பிள்ளைக்கு மருத்துவம், நர்சிங், பார்மசி, வேளாண்மை என்று நான்கு வழிகளை எவரும் சொல்லிவிடுவார்கள். பரிணாம உயிரியலில் ஆராய்ச்சி செய்ய ஆசை என்று அந்தப் பிள்ளை சொன்னால் வழிகாட்ட ஆள் கிடைப்பது அரிது. பெரிய நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமே திறக்கும் துறை இது என்று நினைத்து ஒதுங்க வேண்டாம். அதற்கான படிகளை இங்கே வரிசையாகப் பார்ப்போம்.

என்ன துறை இது?

உயிர்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறுகின்றன, ஓர் இனம் எப்படிப் பல இனங்களாகப் பிரிகிறது என்று ஆராய்வது பரிணாம உயிரியல். பழங்காலத்தோடு முடிந்துபோன சங்கதி அல்ல இது. நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சி ஏன் சில ஆண்டுகளில் மருந்துக்கு அடங்காமல் போகிறது? மருந்தைத் தாங்கிய சில பூச்சிகள் பிழைத்து, அவற்றின் வாரிசுகளே வயல் முழுக்கப் பெருகுவதால்தான். கொரோனா கிருமி புதிய வடிவங்கள் எடுத்ததும் இதே விதிப்படிதான்.

எந்தப் பட்டம் வேண்டும்?

இளநிலையில் இந்தப் பெயரிலேயே பட்டம் தேட வேண்டியதில்லை. விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், வேளாண்மை எதுவானாலும் போதும். கணிதம், இயற்பியல் படித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. மரபணுக்கள் ஒரு கூட்டத்தில் எந்த அளவில் பரவுகின்றன என்று கணக்கிடுவதே இத்துறையின் அடிப்படை. அதனால் புள்ளியியலைக் கட்டாயம் கற்க வேண்டும். அந்தக் கணக்குக்கு வித்திட்டவர்களில் ஒருவரான ஜே.பி.எஸ். ஹால்டேன் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் பழம் இலக்கியமும் படித்தவர். அறிவியலில் அவருக்குப் பட்டமே கிடையாது. 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் மறைந்தார்.

பட்டங்களுக்கு இடையே என்ன செய்யலாம்?

ஓர் ஆய்வு மாணவரின் பின்னணி பட்டங்களால் மட்டும் அமைவதில்லை. இதற்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் வாழ்க்கையே நல்ல சான்று. 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தார். பிறகு சென்னையில் மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931இல் முனைவரானார்.

திரும்பி வந்து கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும் கலந்து, குரோமோசோம்கள் என்ன ஆகின்றன என்று எண்ணிப் பார்த்தார். குரோமோசோம் எண்ணிக்கை பெருகுவதன் வழியாகச் செடிகளில் புதிய இனங்கள் தோன்றும் விதத்தை அறிய அந்த எண்ணிக்கைகள் உதவின. 1945இல் மரபியலாளர் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் தொகுப்பை வெளியிட்டார். ஆசிரியப் பணி, பயிர் ஆராய்ச்சி, வெளிநாட்டு ஆய்வகம் எல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய பின்னணி. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் வீட்டுப் பிள்ளைக்கு அவருடைய கேள்விகள் அந்நியமானவை அல்ல.

இன்றைய படிகள்

பள்ளி முடித்ததும் சேரக்கூடிய ஐந்தாண்டுப் படிப்பு ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இருக்கிறது. திருப்பதியிலும் ஒன்று உண்டு. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அருகிலுள்ள கல்லூரியில் இளநிலை முடித்து, வேறிடத்தில் முதுநிலை படிப்பதும் நல்ல வழியே.

கல்லூரியில் இருக்கும்போதே அறிவியல் கழகங்கள் தரும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். ஓர் ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை செய்தால், இந்த வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா என்பது புரிந்துவிடும். முதுநிலைக்குப் பின் திட்ட உதவியாளராக ஓரிரு ஆண்டு சம்பளத்தோடு பணியாற்றுவதும் வழக்கம். மாதிரி சேகரிப்பது, டி.என்.ஏ. பிரிப்பது, கணினியில் தரவை அலசுவது எல்லாம் அங்கேதான் கைக்கு வரும்.

அடுத்து, முனைவர் பட்ட ஆய்வு உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு. அதன் உயிர் அறிவியல் பாடத்திட்டத்தில் பரிணாமத்துக்கும் விலங்கு நடத்தைக்கும் தனி அலகே இருக்கிறது. உதவித்தொகைக்குத் தேர்வானால், 2023 முதல் நடப்பிலுள்ள அளவின்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் கிடைக்கும். வீட்டு வாடகைப்படி தனி. பிள்ளை படிக்கப் பணம் எங்கே என்று கலங்கும் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம், தேசிய உயிர் அறிவியல் மையம், ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையம், ஐதராபாத்தில் சி.சி.எம்.பி. எனப்படும் செல், மூலக்கூறு உயிரியல் மையம் ஆகியவை இத்துறையில் ஆய்வு நடக்கும் முக்கிய இடங்கள்.

இந்த நிறுவனங்களில் சேர்வதற்கான நேர்முகத்தில், நீங்கள் செய்த வேலையைப் பற்றித்தான் துருவிக் கேட்பார்கள். ஏன் அந்த முறையைத் தேர்ந்தாய், முடிவு தவறாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்பார்கள். சிறிய வேலையானாலும் நீங்களே செய்ததாக இருந்தால் தயங்காமல் பதில் சொல்லலாம்.

அத்தகைய வேலைக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியே மக்கிப் புதைந்த பழங்காலத் தாவரங்கள்தான். அதில் தங்கிய மகரந்தத் துகள்களை வைத்து அன்றைய காட்டை அறிவியலாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். பிச்சாவரத்தில் உப்புநீரைத் தாங்கும் மரங்கள் இருக்கின்றன. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. இவற்றில் ஒன்றைப் பற்றி ஒரு கேள்வியை எழுதி வைத்து, அதை ஆராயும் பேராசிரியருக்கு இந்தப் பருவத்திலேயே மின்னஞ்சல் அனுப்புங்கள்.