வடித்த காது: அன்றும் இன்றும்

சென்னையை அடுத்த பிள்ளைப்பாக்கம், ஒரகடம் ஆலைகளுக்கு வேலைக்கு வரும் பெண்களில் தென்மாவட்டத்தார் நிறைய. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். தென்மாவட்டப் பெண்களில் எத்தனையோ பேரின் பூட்டிமார், வடித்த காதில் பாம்படமோ தண்டட்டியோ என்று கனத்த காதணி போட்டவர்கள். கொள்ளுப்பேத்திகளுக்குப் பொட்டுக் கம்மல்தான். உலோகம் ஆகாது என்று சொல்லும் மின்னணு ஆலைகளில் அதையும் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும்.

அன்று காது வளர்ப்பது வீட்டுக் காரியம். குழந்தைக்குக் காது குத்தி, புண் ஆற மஞ்சளும் எண்ணெயும் தடவுவார்கள். துளையில் முதலில் பஞ்சுத்திரி; நாளாக ஆகத் திரி தடிக்கும். பிறகு பனையோலைச் சுருள். இறுகச் சுற்றிச் செருகிய ஓலை தானே விரியப் பார்க்கும். அந்த மெல்லிய அழுத்தத்தில் துளை அகலும். அதன்பின் குணுக்கு என்னும் ஈய வளையம். எடை ஏற ஏற மடல் தோளை நோக்கி இறங்கும். சீழ் பிடித்தால் குணுக்கைக் கழற்றி, ஆறவிட்டு, மறுபடி தொடங்கத் தெரிந்த கிழவிகள் ஊரில் இருந்தார்கள். ஆனால் குழந்தையை யாரும் கேட்கவில்லை. பாரம் தாங்காமல் மடல் அறுந்தவர்களும் உண்டு.

பின்னாளில் வடிகாது பட்டிக்காட்டு அடையாளமாயிற்று. வெட்டித் தைத்துக் கம்மலுக்கு மாறினார்கள். பாம்படங்கள் ஆசாரியிடம் போயின. உள்ளிருந்த அரக்கை நீக்கிவிட்டுத்தான் பொன்னை நிறுத்தார்கள்.

இன்று சென்னையில் பச்சை குத்தும் கடைகளுக்குப் போய்க் காதைப் பெரிதாக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஓலையின் இடத்தில் டைட்டானியமும் கண்ணாடியும். மஞ்சளின் இடத்தில் உப்புநீர். ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே கூட்டி, அடுத்ததற்கு வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். ஊசி ஒருவருக்கு ஒன்று. வேண்டாம் என்றால் மரத்துப்போக ஊசி போட்டு மடலைத் தைத்துத் தர மருத்துவர் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, இது அவரவர் விருப்பம். பெரிய லாபம் அதுதான் என்பேன். போனது, தினமும் காதைத் தொட்டுப் பார்த்த பாட்டியின் கை. பாட்டி அவசரப்படமாட்டாள், இளைஞர் அவசரப்படுகிறார்.

பாம்படத்தை வயல்வேலையிலும் கழற்றியதில்லை. இன்றோ ஆலையில் எட்டு மணி நேர ஷிப்டுக்குக் கழற்றி வைத்தால், புதிதாக அகட்டிய துளை அதற்குள் சுருங்கிவிடும். பழைய அளவையே திணித்தால் கிழியலாம். திணிக்காதீர்கள், ஓர் அளவு சிறியதைப் போட்டு ஆறவிடுங்கள். சிவந்து வீங்கிச் சீழ் வைத்தால், எண்ணெய் தடவிக்கொண்டிராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.