விளையாட்டும் ஒரு விஞ்ஞானமே

சென்ற ஆண்டு கோடையில் வடக்கனந்தலிலிருந்து விவசாயி ஒருவர் நமது அலுவலகத்துக்கு வந்திருந்தார். மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிடுபவர்; இரண்டு ஏக்கர் நிலம் உடையவர். அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருந்தாள். பள்ளிப் பந்தயங்களில் நெடுந்தூர ஓட்டத்தில் முதலாவதாக வந்தவள். மேற்கொண்டு உடற்பயிற்சி விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்பது அவள் விருப்பம். "ஐயா, ஓடுவதற்குக் கால் இருந்தால் போதாதா? அதைப் படிக்க ஒரு பல்கலைக்கழகமா? படித்து வந்தால் அது சோறு போடுமா? நீங்களே அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று அவர் கேட்டுக் கொண்டார்.

அக்கேள்வி நியாயமானது. இரண்டு ஏக்கர் நிலத்தின் வருமானத்தில் மூன்றாண்டுச் செலவு ஏற்க வேண்டிய தந்தை வேறு எப்படிக் கேட்பார்? ஆனால் அவரைக் கண்டபோது நமக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. அதை இங்கே ஒளியாமல் கூறுவது நமது கடமை.

சில ஆண்டுகளுக்கு முன், நம் வட்டாரத்து இளைஞர் ஒருவர் காவலர் தேர்வுக்கு ஆயத்தமானார். அத்தேர்வில் ஆடவர் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அவர் நாள் தவறாமல் விடியற்காலையில் தார்ச்சாலையில் ஓடினார். தேர்வு நெருங்க நெருங்க, தூரத்தை இரண்டு மடங்காக்கினார். ஓய்வு நாள் என்பதே இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு வலித்தபோதும் நிறுத்தவில்லை. ஒரு விழாவில் நாம் அவரை மேடைக்கு அழைத்து, "ஒரு நாளும் ஓயாத உழைப்பாளி" என்று பாராட்டிப் பரிசும் அளித்தோம். தேர்வு நாளன்று அவரால் நிற்கவே முடியவில்லை. எலும்பில் கீறல் விழுந்திருந்தது. அந்த இளைஞரிடம் முயற்சியில் குறை இல்லை. வழி சொல்லத் தெரிந்தவர் ஊரில் இல்லை. தெரியாமல் கைதட்டியவர்களில் நாமும் ஒருவராயிருந்தோம்.

உடற்பயிற்சி விஞ்ஞானம் எதற்கு என்ற கேள்விக்கு இச்சம்பவமே முதல் விடையாகும்.

படிப்பது யாது?

இப்படிப்பு நாள் முழுவதும் மைதானத்தில் பந்து உதைப்பது அன்று. உழைக்கும் உடலில் என்ன நிகழ்கிறது என்பதை அளந்து அறிவதே இதன் நோக்கம். தசைகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஏ. வி. ஹில், ஓட்டோ மேயர்ஹோஃப் என்னும் இருவருக்கு 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு வழங்கப்பட்டது என்றால், இத்துறையின் தகுதியை அறியலாம்.

முதலில் கற்பது சக்தியின் கணக்கு. இதனைக் குடும்ப வரவு செலவுபோல எண்ணிப் பார்க்கலாம். மடியில் முடிந்து வைத்த காசு போன்று, தசையில் ஆயத்தமாக உள்ள சக்தி சுமார் 10 விநாடிக்குப் போதும். 100 மீட்டர் ஓடுபவர் பெரிதும் இதனைக் கொண்டே ஓடுகிறார். அடுத்தது கைமாற்றுக் கடன் போன்றது. பிராணவாயுவை எதிர்பாராமல் சர்க்கரைச் சத்தைச் சிதைத்துத் தசை பெறும் இச்சக்தி ஒன்றிரண்டு நிமிடம் தாங்கும். 400 மீட்டர் ஓடியவர் பிறகு நெடுநேரம் மூச்சிரைப்பது இக்கடனை அடைக்கும் முயற்சியே எனலாம். மூன்றாவது, நிலத்து வருமானம் போல நின்று வருவது. பிராணவாயுவைக் கொண்டு சர்க்கரைச் சத்தும் கொழுப்பும் எரிந்து கிடைக்கும் இச்சக்தியே 1,500 மீட்டருக்கும் அதற்கு மேற்பட்ட தூரங்களுக்கும் பெரும்பங்கு உதவுகிறது. ஆகவே குறுந்தூரக்காரருக்கும் நெடுந்தூரக்காரருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது.

இரண்டாவதாகக் கற்பது ஓய்வின் கணக்கு. பயிற்சியின்போது உடல் சிறிது தேய்கிறது. ஓய்வின்போதுதான் முன்னிலும் வலிவுடன் கட்டிக் கொள்கிறது. எலும்பும் அவ்வாறே. புதிதாகப் போட்ட வரப்பு இறுகுமுன் நீரைத் திருப்பினால் உடைந்துவிடும் என்பதை விவசாயிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நம் இளைஞரின் எலும்புக்கு நேர்ந்ததும் அதுவே. தூரத்தைப் படிப்படியாகக் கூட்டி, இடையிடையே ஓய்வளித்து, வலி தோன்றியதும் நிறுத்தியிருந்தால் அவர் இன்று சீருடை அணிந்திருக்கக் கூடும்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகள் நன்றாக ஓடுவதைக் கண்டு, "மலைக்காற்றின் பலம்" என்பார்கள். கென்யா, எத்தியோப்பியா நாடுகளில் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வாழும் ஓட்டக்காரர் பலர் உண்டு. அவ்வுயரத்தில் பிராணவாயு குறைவாதலால் இரத்தம் அதற்கேற்ப மாறுகிறது. நம் மலை ஊர்கள் அவ்வளவு உயரமானவை அல்ல. ஆகவே நம் பிள்ளைகளின் திறனுக்கு, சிறு வயது முதல் மேடேறி இறங்கி நடந்த நடையே பெருங்காரணமாயிருக்க வேண்டும். நடையால் வந்த திறனைச் சமவெளிப் பிள்ளைகளும் முயன்று பெறலாம்.

உழைக்கும் உடலுக்கும் இதுவே நூல்

இவ்விஞ்ஞானம் பந்தயக்காரருக்கு மட்டும் உரியதன்று. கரும்பு வெட்டுபவர் உடலும் ஓட்டக்காரர் உடலும் ஒரே விதிக்கு உட்பட்டவை.

வியர்வை சொட்டுவதால் உடல் குளிர்வதில்லை. அது காற்றில் ஆவியாகும்போதே குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஆவியாவது குறையும். அன்று அபாயம் அதிகம். கடும் வெயிலுக்கு உடல் பழக 7 முதல் 14 நாட்கள் வேண்டும். எனவே நெடுநாள் வேலையின்றி இருந்தவரை வெட்டு தொடங்கிய முதல் நாளே முழுநேரம் வெயிலில் நிறுத்துவது தவறு. தாகம் வரும்வரை காத்திராமல் 15, 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு குவளை நீர் அருந்துவது நன்று.

சுமை தூக்குவதிலும் கணக்கு உண்டு. ஏற்றம் இறைத்த காலத்தை அறிந்த முதியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதுகுத் தசை, முள்ளந்தண்டின் மூட்டிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி நின்று இழுக்கிறது. 20 கிலோ சுமையை 40 சென்டிமீட்டர் முன்னே நீட்டித் தூக்கினால், தசை எட்டு மடங்கு, அதாவது 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதே சுமையை 20 சென்டிமீட்டருக்குள் மார்போடு அணைத்துத் தூக்கினால் இது பாதியாகும். குனிந்து கை நீட்டித் தூக்குவதைவிட, முழங்காலை மடக்கி, சுமையை அணைத்து எழுவது நல்லது என்பதன் காரணம் இதுவே.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள இரும்புச் சத்து அடங்கிய பொருள். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். ஓட்டத்தில் பின்தங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று கூறுமுன், அவளது இரத்தத்தைச் சோதிக்கச் செய்வது அறிவுடைமையாகும்.

எங்கே படிப்பது?

நம் நாட்டில் இக்கல்விக்கு வழிகாட்டியது சென்னையே. ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் இங்கே ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. இது செங்கற்பட்டு மாவட்டம் மேலக்கோட்டையூரில் உள்ளது. பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர் உடற்கல்வியில் இளநிலைப் பட்டத்துக்குச் சேரலாம். ஏதேனும் ஒரு பட்டம் பெற்று, விளையாட்டுத் தகுதியும் உடையவர் இரண்டாண்டு பி.பி.எட். பயிலலாம். உடற்பயிற்சி உடலியங்கியல், உடலியக்கவியல், விளையாட்டு உளவியல், யோகம் ஆகியவற்றில் மேற்படிப்பும் உண்டு. உயிரியல் படித்தவருக்கு இப்பாடங்கள் எளிதாயிருக்கும். ஓடத் தெரிந்தவர் புத்தகத்தைத் தொட வேண்டியதில்லை என்று எண்ணிச் சேர்பவர் ஏமாற்றமடைவர்.

வேலை பற்றி உண்மையைக் கூறுவோம். பட்டம் பெற்ற அனைவருக்கும் அரசாங்க வேலை காத்திருப்பதில்லை. உடற்கல்வி ஆசிரியர், பயிற்சியாளர், உடற்பயிற்சி நிலைய வழிகாட்டி, வீரர்களின் உடல்திறனை அளந்து சொல்பவர் எனப் பல வழிகள் உள்ளன. சிலவற்றில் தொடக்கச் சம்பளம் சொற்பமே. ஆகவே சேருமுன் கட்டணம், விடுதிச் செலவு, உதவித் தொகை ஆகியவற்றைக் கேட்டறிந்து கணக்கிட வேண்டும். 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டத்தின் கீழ், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை பயின்ற மாணவியர்க்குப் பட்டப் படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. இத்தகைய உதவிகளைப் பெற்றோர் விசாரித்தறிதல் வேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

அண்டை மாவட்டமான சேலத்தின் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது கால் ஊனமுற்றார். தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பள்ளியில் அவரது உயரம் தாண்டும் திறனைக் கண்டு ஊக்கியவர் உடற்கல்வி ஆசிரியரே. மாரியப்பன் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளியும், 2024-இல் பாரிஸில் வெண்கலமும் பெற்றார். பார்க்கத் தெரிந்த ஒரு கண் பள்ளியில் இருந்ததன் பலன் இது.

அத்தகைய கண் நம் ஊரிலும் அமைய ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கவை பல. விளையாட்டு மைதானத்தை அறுவடைக் காலத்தில் களமாக்காமல், நெல்லும் கிழங்கும் உலர்த்த வேறிடம் ஒதுக்குங்கள். 2024 முதல் ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்ட கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு உங்களிடம் இருப்பின், அது பூட்டிய அறையில் உறங்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். பொறுப்பாளர் ஒருவரை நியமித்து, மாலைதோறும் திறக்கச் செய்யுங்கள். பெண் பிள்ளைகள் அச்சமின்றி ஓட வெளிச்சமும் காவலும் வேண்டும். தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞர்களுக்குத் தேர்வுக்கு முந்திய மாதத்தில் அல்லாமல், ஆறு மாதம் முன்னதாகவே பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைக் கொண்டு வழி கூறச் செய்யுங்கள்.

அந்தத் தந்தை நாம் கூறியவற்றைப் பொறுமையாகக் கேட்டார். இறுதியில், "அப்படியானால் கிழங்கு மூட்டை தூக்கும்போது என் முதுகு ஏன் வலிக்கிறதென்று அவள் சொல்லுவாளா?" என்றார். "காரணமும் சொல்லுவாள், மாற்று வழியும் சொல்லுவாள்" என்றோம். இருவரும் செலவுக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தோம். அது எளிதான கணக்கன்று. எனினும் அவர் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார்.

இப்போது அப்பெண் முதலாண்டை முடித்திருக்கிறாள். விடுமுறைக்கு ஊர் வந்தவள், பள்ளி மைதானத்தில் சிறு பிள்ளைகளை ஓடவிட்டுக் கடிகாரத்துடன் நிற்பதை நாம் கண்டோம். ஒரு சிறுவன் காலைப் பிடித்துக் கொண்டு, "இன்னும் ஒரு சுற்று ஓடுகிறேன், அக்கா" என்றான். "வேண்டாம், இன்று போதும், உட்கார்" என்றாள் அவள். நாம் அன்று அந்த இளைஞரிடம் சொல்லத் தவறிய சொல் அதுதான். அதைச் சொல்லத் தெரிந்தவர் ஒவ்வோர் ஊரிலும் ஒருவரேனும் உருவாக வேண்டும் என்பதே நமது அவா.