உழைப்புக்கு ஏற்ற உணவு

மாட்டுக்குத் தீனி வைப்பதில் நம் உழவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஏர் உழும் காலத்தில் பருத்திக் கொட்டையும் பிண்ணாக்கும் கூட்டி வைப்பார்கள். வேலையில்லாத கோடையில் வைக்கோலோடு நிறுத்திக்கொள்வார்கள். உழைப்புக்குத் தக்கபடி தீனி என்பது அவர்கள் பரம்பரையாக அறிந்த உண்மை. ஆயினும் மாட்டுக்குப் போடும் இக்கணக்கை நாம் நமக்குப் போட்டுக்கொள்வதில்லை. நம் கிராமங்களில் உடற்பருமனும் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பெருகி வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணமாகும்.

பருமன் நகரத்துச் செல்வர்களின் நோய் என்று எண்ணிய காலம் போய்விட்டது. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூறு பெண்களில் சுமார் 40 பேரும், நூறு ஆண்களில் சுமார் 37 பேரும் மிகை எடை உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பில், நூறு பெண்களில் 53 பேருக்கு இரத்தச் சோகை இருப்பதும் தெரியவந்தது. உணவு மிஞ்சியதால் வரும் கேடும், சத்துக் குறைந்ததால் வரும் கேடும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. சில வேளைகளில் ஒரே உடலிலும் குடியிருக்கின்றன. இது எவ்வாறு நேர்கிறது என்பதை ஆராய்ந்து பார்த்தல் நலம்.

கலோரி என்னும் அளவு

நெல்லை மரக்காலாலும், நிலத்தைச் சென்டாலும் அளப்பதுபோல, உணவு தரும் ஆற்றலைக் கலோரி என்னும் அளவால் அளக்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பமே உணவு நூல்களில் ஒரு கலோரி எனப்படுகிறது. மாவுச் சத்து ஒரு கிராம் 4 கலோரி தரும். புரதச் சத்தும் அவ்வாறே. எண்ணெய், நெய் முதலிய கொழுப்புகள் கிராமுக்கு 9 கலோரி தரும். சமைக்காத அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரியும், சர்க்கரை 100 கிராமில் 400 கலோரியும், எண்ணெய் 100 கிராமில் 900 கலோரியும் உள்ளன.

உண்ட கலோரியும் உழைப்பில் செலவான கலோரியும் சமமாயின் எடை நிலைத்து நிற்கும். மிஞ்சியதை உடல் வெளியே தள்ளிவிடுவதில்லை; கொழுப்பாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. அது சோற்றிலிருந்து மிஞ்சினாலும், வெல்லத்திலிருந்து மிஞ்சினாலும், நெய்யிலிருந்து மிஞ்சினாலும் முடிவு ஒன்றே.

குறைந்த உழைப்பு, குறையாத உலை

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020 ஆம் ஆண்டில் வகுத்த அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் கடினமாக உழைப்பவராயின் நாள் ஒன்றுக்கு 3,470 கலோரி வேண்டும். உட்கார்ந்தே வேலை செய்பவராயின் 2,110 கலோரி போதும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவ்வளவுகள் முறையே 2,720, 1,660 ஆகும். ஆண்களுக்குள்ள வேறுபாடு 1,360 கலோரி. அதாவது, ஏறக்குறைய 400 கிராம் அரிசி!

விடியுமுன் கவலை பூட்டி நீர் இறைத்தவரின் பேரன் இன்று மின்மோட்டாரின் விசையைத் தட்டுகிறார். உழவுக்கு டிராக்டரும் அறுவடைக்கு இயந்திரமும் வந்துவிட்டன. உரலில் நெல் குத்தி, ஆட்டுக்கல்லில் மாவரைத்து, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த தாய்மார்களின் பாரத்தை ஆலையும் அரவை இயந்திரமும் குழாயும் குறைத்துவிட்டன. கூப்பிடு தூரத்துக்கும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. இவை யாவும் வரவேற்கத்தக்க முன்னேற்றங்களே. ஆனால் பாட்டனார் உண்ட சோற்றின் அளவு மட்டும் பேரனின் தட்டில் மாறாமல் இருக்கிறது. அத்துடன் அவர் அறியாத பரோட்டாவும் புட்டிப் பானமும் பாக்கெட்டுத் தின்பண்டமும் சேர்ந்துகொண்டன.

மிகச் சிறிய மிகையும் நாளடைவில் பெரிதாகும். ஒரு தேநீரில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, அதாவது 10 கிராம், சேர்ப்பதாகக் கொள்வோம். நாளைக்கு ஐந்து முறை அருந்துவோர் சர்க்கரையிலிருந்து மட்டும் 200 கலோரி பெறுகிறார்கள். 300 மில்லிலிட்டர் இனிப்புப் பானம் ஒன்றில் பெரும்பாலும் சுமார் 30 கிராம் சர்க்கரை கரைந்துள்ளது. இவ்வகைச் சர்க்கரை நாளுக்கு 25 கிராம் அளவில் நிற்பது நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

குன்னூர் காட்டிய பாடம்

அப்படியானால் அளவைக் குறைத்தால் மட்டும் போதுமா? போதாது. இதனை விளக்கிய ஆராய்ச்சிகளுள் ஒன்று நம் நீலகிரியிலேயே நடந்தது. 1918 ஆம் ஆண்டில் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் பணி தொடங்கினார். அந்த ஆராய்ச்சிக் கூடம் வளர்ந்து, 1958 ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாறி, பின்னர் மேற்கூறிய தேசிய நிறுவனமாயிற்று.

இந்நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவு வகைகளை மெக்காரிசன் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவை கலந்த பஞ்சாப் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே பெரும்பகுதியாக அமைந்த சென்னை மாகாணத்து உணவை உண்டவை வளர்ச்சியில் கடைசியில் நின்றன. வயிறு நிறைவது வேறு, உடலுக்கு வேண்டிய சத்துகள் நிறைவது வேறு என்பது இதனால் விளங்கும்.

அந்தப் பழைய குறை இன்று வேறு வடிவில் தோன்றுகிறது. நிறையச் சோறு, சிறிது குழம்பு, பெயருக்குக் காய் என்று உண்பவருக்குக் கலோரி மிஞ்சுகிறது. புரதமும் இரும்புச் சத்தும் குறைகின்றன. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் தாய்க்குப் பெரும்பாலும் எஞ்சியிருப்பது சோறே. பானையில் மிஞ்சியதை வீணாக்க மனமின்றி உண்பவரும் அவரே. அவர் எடை கூடியும் இரத்தம் குறைந்தும் இருப்பதில் வியப்பென்ன?

தட்டை மாற்றியமைக்கும் முறை

ஆகவே சோற்றைக் குறைப்பது தட்டில் அல்ல, உலையில் தொடங்க வேண்டும். உழைப்புக் குறைந்த குடும்பம் உலைக்கு இடும் அரிசியைச் சிறிது குறைத்து, அந்தச் செலவைப் பயறு, பருப்பு, முட்டை, மீன் ஆகியவற்றின்பால் திருப்பலாம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு அல்லது கேழ்வரகு, மற்றக் கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் என்பது நினைவில் வைக்க எளிய அளவு. தாய்க்குரிய காயையும் பருப்பையும் முதலிலேயே எடுத்து வைத்துவிடுதல் வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கொல்லையில் ஒரு முருங்கையும், குளிக்கும் நீர் பாயும் இடத்தில் இரண்டு பாத்திக் கீரையும் வைக்கலாம். கொய்யாவும் நெல்லியும் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும். உணவோடு அருந்தும் தேநீரோ அதனைத் தடுக்கும். நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 23 கிராம் ஆகிறது; அது போதிய அளவே.

சில தவறான எண்ணங்களையும் நீக்கிக்கொள்ள வேண்டும். கேழ்வரகு அரிசியைவிடச் சிறந்தது. அதில் நார்ச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் பன்மடங்கு அதிகம். ஆனால் 100 கிராம் கேழ்வரகிலும் சுமார் 320 கலோரி உண்டு. ஆதலால் களியாயினும் சப்பாத்தியாயினும் அளவு வேண்டும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் எடையைக் கூட்டுவதில் வெள்ளைச் சர்க்கரைக்கு இளைத்தவை அல்ல. நீரிழிவு உள்ளவர்கள் அவற்றைத் தாராளமாக உண்ணலாம் என்பது ஆபத்தான நம்பிக்கை.

பட்டினி வழியன்று

எடையைக் குறைக்கப் பட்டினி கிடப்பதும், விரைவில் இளைக்கச் செய்வதாகக் கூறும் பொடிகளை நாடுவதும் தீங்கு தரும். மாதம் இரண்டு கிலோ குறைந்தாலே போதுமானது. கருவுற்றவர்களும், பாலூட்டும் தாய்மார்களும், வளரும் குழந்தைகளும் உணவைக் குறைத்தல் கூடாது. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ பெறுகிறவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தால், இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் நேரலாம். கரும்பு வெட்டுவோருக்கும் செங்கற் சூளையில் சுமப்போருக்கும் முழு உணவு வேண்டும். அவர்களுக்கு இக்கட்டுரை சொல்வது, சத்தான உணவு என்பதையேயன்றிக் குறைந்த உணவு என்பதையன்று.

யாருக்குக் குறைக்க வேண்டும் என்பதை ஒரு தராசும் ஓர் அளவு நாடாவும் சொல்லிவிடும். நம் நாட்டினரின் உடலமைப்பில், 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 59 கிலோவைத் தாண்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். 64 கிலோவை எட்டினால் அது பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன் தள்ளியவர்களும் நீரிழிவுக்கு இலக்காவதால் இவ்வளவு மிகவும் பயனுடையது.

முயற்சிக்குப் பலன் உண்டா என்று ஐயுறுவோருக்குச் சென்னை ஆய்வாளர்கள் 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு ஊக்கமளிக்கும். நீரிழிவை நெருங்கிய நிலையில் இருந்தவர்களை அவர்கள் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். பழைய பழக்கத்திலேயே இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி நடைப்பயிற்சியும் மேற்கொள்ளுமாறு வழிகாட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கே வந்தது. நூறு பேரில் பதினாறு பேர் காக்கப்பட்டனர். அவர்களை மருந்து காக்கவில்லை, பழக்கமே காத்தது.

மகளிர் குழுக் கூட்டத்தில் மாதம் ஒரு முறை எடையும் இடுப்பளவும் பார்த்துக் குறித்து வைக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளலாம். அண்மையிலுள்ள கடைக்கும் வயலுக்கும் நடந்தே செல்லலாம். இவை எந்த ஊரிலும் இயலும் காரியங்கள். இயந்திரங்கள் நம் உழைப்பின் பாரத்தைக் குறைத்துக் கொடுத்தன. அந்த ஓய்வு நோயாக மாறாமல் நலமாக அமைவதற்கு, நாளைக் காலை உலைக்கு அரிசி அளக்கும்போதே நாம் வழி செய்துகொள்வோமாக.